ஆபத்தான பொழுதுபோக்குச் சாமான்கள்: வீட்டுக் காப்பீட்டுக்கும் வண்டிக் காப்பீட்டுக்கும் முறையாகத் தெரிவிப்பது எப்படி

வெல்டிங், ஸ்கூபா டைவிங், ரிமோட் விமானம், மட்பாண்டச் சூளை, மரவேலை, இருட்டறைப் புகைப்படம் என்று எதில் இறங்கினாலும் சாமான் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. முதலில் ஒரு பேட்டரி வரும், அப்புறம் நாலு, அப்புறம் ஒரு சிலிண்டர், பிறகு அலமாரியில் தின்னர் டப்பாக்கள். பாலிசி எடுத்த அன்று இதில் எதுவுமே வீட்டில் இருந்திருக்காது. அதனால் படிவத்தில் எழுதிய பதில்கள் அன்றைக்கு உண்மைதான், ஆனால் இன்றைக்கு இல்லை. தீப்பிடித்த பிறகு சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கருகிப்போன சிலிண்டரைப் பார்த்துவிட்டுக் கோப்பைத் திறந்தால் அதில் சிலிண்டரைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று, பலரும் வீட்டைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். இந்தச் சாமான்கள் ஓரிடத்தில் இருப்பவை அல்ல. கடையிலிருந்து வண்டியில் வரும், வண்டியிலேயே ஓர் இரவு கிடக்கும், பட்டறைக்குப் போகும், திரும்பி வந்து கராஜில் நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்த பாலிசி பொறுப்பேற்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது.

சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது

1766-இல் இங்கிலாந்தில் கார்ட்டர் எதிர் போம் என்று ஒரு வழக்கு நடந்தது. சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டைக்கு அதன் ஆளுநர் காப்பீடு எடுத்திருந்தார், பிரெஞ்சுப் படை வந்து கோட்டையைப் பிடித்துவிட்டது. கோட்டையின் பலவீனத்தைச் சொல்லாமல் மறைத்தார் என்று காப்பீடு கொடுத்தவர் வாதிட்டார். மான்ஸ்ஃபீல்டு பிரபு அந்தத் தீர்ப்பில் எழுதியதுதான் காப்பீட்டில் முழு நம்பகத்தோடு பேச வேண்டும் என்ற கோட்பாட்டின் வேர். ஆபத்தின் அளவைத் தீர்மானிக்கும் விஷயங்கள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரியும், ஆகவே அவர் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது ஆளுநர்தான். காப்பீடு கொடுப்பவருக்குத் தெரிந்ததை, அல்லது தெரிந்திருக்க வேண்டியதை, எடுத்துச் சொல்லும் கடமை கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இன்றைக்கு நாடுகள் இதில் இரண்டு வழியாகப் பிரிந்து நிற்கின்றன. சில இடங்களில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முக்கியமானதை நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும். வேறு சில இடங்களில் கேட்ட கேள்விக்கு அக்கறையாகவும் உண்மையாகவும் பதில் சொன்னால் போதும். பிரிட்டனில் தனிநபர் காப்பீட்டுக்கு 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவது வழிக்கு மாறியது, ஆஸ்திரேலியாவும் 2021 அக்டோபரில் அப்படியே மாறியது. பிரிட்டன் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு: கவனக்குறைவாகத் தவறான பதில் சொல்லிவிட்டீர்கள், சரியாகச் சொல்லியிருந்தால் பிரீமியம் 100 ஆகியிருக்கும், நீங்கள் கட்டியதோ 60 என்றால், கிளெய்மிலும் நூற்றுக்கு 60 பங்குக்குக் குறைக்கலாம். வேண்டுமென்றே மறைத்திருந்தால் பாலிசியையே ரத்து செய்துவிடலாம்.

கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்கிற நாட்டில் இருந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள், ஏனென்றால் பாலிசிக்குள்ளேயே தனியாக ஒரு நிபந்தனை இருக்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றிய 1943-ஆம் ஆண்டு நியூயார்க் தீக்காப்பீட்டு மாதிரிப் பாலிசியில், காப்பீடு எடுத்தவரின் கட்டுப்பாட்டிலோ அறிவிலோ உள்ள வழியில் ஆபத்து கூடியிருக்கும்போது ஏற்படும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தது. இதே போன்ற வாசகம் இன்றும் பல பாலிசிகளில் வெவ்வேறு சொற்களில் வருகிறது. இடையில் வந்து சேர்ந்த சிலிண்டர் இந்த வரியில்தான் மாட்டும்.

படி 1: கணக்கெடுங்கள், ஆனால் ஆபத்தின் வகைப்படி

"வெல்டிங் செட், பேட்டரி, பெயிண்ட்" என்று எழுதினால் பயனில்லை. பிரீமியத்தைத் தீர்மானிக்கும் அண்டர்ரைட்டருக்குத் தெரிய வேண்டியவை: என்ன பொருள், எவ்வளவு, எந்தக் கலத்தில், எங்கே, எதற்குப் பக்கத்தில், யார் கையில், எவ்வளவு அடிக்கடி.

அழுத்தத்தில் அடைத்த வாயுக்களை முதலில் எடுங்கள். சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு, இருக்கும். உள்ளே வெறும் காற்று, எரியாது, ஆனால் தீயில் சூடேறினால் வெடித்துச் சிதறலாம். ஆகவே கொள்ளளவு, உலோகம், கடைசி நீரழுத்தச் சோதனையின் தேதி மூன்றையும் எழுதுங்கள். ஆக்சிஜன் தானாக எரியாது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் வேகமாக எரிய வைக்கும், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட ரெகுலேட்டரில் உயர் அழுத்த ஆக்சிஜன் பாய்ந்தாலே தீப்பற்றலாம். இந்த வகையில் தனி கவனம் கேட்பது அசிட்டிலின். சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளில் ஊறிய அசிட்டோனில் அதைக் கரைத்து வைத்திருப்பார்கள், அதனால் எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். காற்றில் சுமார் 2.5 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் நிலை வந்துவிடும், 80 சதவீதம் வரையிலும் அந்த நிலை நீளும். எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டர் தரைக்குக் கீழே உள்ள அறையில் இருக்கிறதா, திறந்த வெளியில் இருக்கிறதா என்பதை எந்த நிறுவனமும் கேட்கும், கேட்க வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு எண்ணிக்கையை விட ஆற்றல் அளவுதான் பேசும். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 22.2 வோல்ட், 5 ஆம்பியர்-மணி ரிமோட் விமான பேட்டரி ஒன்று 111 வாட்-மணி. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுபோகக்கூடிய வரம்பே 100 வாட்-மணிதான் என்று தெரிந்தால், அலமாரியில் எட்டு பேட்டரி அடுக்கியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். எங்கே சார்ஜ் போடுகிறீர்கள், ஆள் இல்லாதபோது போடுகிறீர்களா, தூங்கும்போது போடுகிறீர்களா, பயன்படுத்தாதபோது செல்லுக்கு சுமார் 3.8 வோல்ட்டில் இறக்கி வைக்கிறீர்களா, சார்ஜர் எந்தத் தயாரிப்பு என்பதையெல்லாம் எழுதுங்கள். உப்பிப்போன பேட்டரி ஒன்று மூலையில் கிடந்தால் அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், உரிய இடத்தில் ஒப்படைத்து அப்புறப்படுத்துங்கள்.

எரியும் திரவங்களில் லிட்டர் கணக்கு முக்கியம். பெட்ரோல் உறைநிலைக்கு வெகு கீழே, சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே, பற்றிக்கொள்ளும் அளவு ஆவி விடும். தின்னர், அசிட்டோன், ரிமோட் வண்டிகளுக்கான நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள், ரெசின் வேலைக்கான பெராக்சைடு கடினமாக்கி எல்லாம் இதே வரிசை. மரவேலைக்காரர்கள் மறந்துவிடுவது எண்ணெயை அல்ல, எண்ணெய் துடைத்த துணியை. ஆளி விதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியாகும், கசக்கி மூலையில் போட்ட துணிக்குள் அந்த வெப்பம் தங்கித் தானாகவே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில் 22-ஆவது மாடியில் பிடித்த தீ இப்படி விட்டுச்சென்ற துணிகளில் தொடங்கியது, தீயணைப்பு வீரர்கள் 3 பேர் உயிரிழந்தார்கள். மூடி போட்ட உலோகத் தொட்டியில் துணியைப் போடுகிறீர்கள் என்றால் அந்த ஒரு வரியை அறிவிப்பில் கட்டாயம் எழுதுங்கள்.

சூடாகும் சாதனங்களில் சூளை, உலை, வெல்டிங், முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாம் அடங்கும். உயர்வெப்ப மட்பாண்டச் சூளை 1,200 டிகிரிக்கு மேல் போகும். அதற்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, போட்டது யார், சுவருக்கும் சூளைக்கும் இடைவெளி எவ்வளவு என்பதே கேள்வி.

வெடிமருந்து சேர்ந்த பொழுதுபோக்குகளில் முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள், காப்பீடு அதற்கு அடுத்ததுதான். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495-ஆம் தரநிலை வீட்டில் 20 பவுண்டு வரை துப்பாக்கித் தோட்டாவுக்கான புகையில்லா வெடிமருந்தைத் தயாரிப்பாளரின் மூலக் கலத்திலேயே வைக்க இடம் தருகிறது. வேறு நாடுகளில் உரிமம் இல்லாமல் ஒரு கிராம் கூட வைக்க முடியாமல் போகலாம். சட்டம் தடுப்பதை நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டதாலேயே அதற்குக் காப்பீடு கிடைத்துவிடாது.

பழைய திரைப்படச் சுருள் சேகரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1950-களின் தொடக்கம் வரை தயாரான 35 மில்லிமீட்டர் சுருள்களில் நைட்ரேட் வகை நிறைய உண்டு. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்கடியிலும் எரியும். இவற்றை "பழைய ஃபிலிம் பெட்டிகள்" என்று எழுதிவிட்டால் அது அறிவிப்பே ஆகாது.

படி 2: பாலிசியை எடுத்துப் படியுங்கள்

சுருக்கத் தாளை அல்ல, முழு வாசகத்தை. விதிவிலக்குகள், பொது நிபந்தனைகள், சொல் விளக்கங்கள் என்று மூன்று இடங்களைப் பாருங்கள். சொல் விளக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை, பல கிளெய்ம்கள் நிற்பதும் விழுவதும் அங்கேதான். "விமானம்" என்ற சொல்லுக்குள் ட்ரோன் வருகிறதா? "கட்டடம்" என்றால் தனியாக நிற்கும் கொட்டகையும் சேர்த்தியா? "வணிகப் பயன்பாடு" என்பதில், செய்த பொருளை அவ்வப்போது விற்பதும் அடங்குமா? இந்தக் கடைசிக் கேள்வி பெரியது. மட்பாண்டம் செய்து நண்பர்களுக்குக் கொடுப்பது பொழுதுபோக்கு, மாதாமாதம் விற்றால் நிறுவனம் அதைத் தொழில் என்று பார்க்கலாம், அப்போது ஆபத்து அறிவிப்போடு தொழில் அறிவிப்பும் தேவைப்படும்.

படி 3: வண்டியைத் தனியாக யோசியுங்கள்

வண்டி பாலிசி பெரும்பாலும் வண்டியையும், வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தையும்தான் பார்க்கும். உள்ளே இருக்கும் உங்கள் சாமானுக்கு அதில் இடமே இல்லாமல் இருக்கலாம், அல்லது மிகச் சிறிய தொகைக்கு மட்டும் இருக்கலாம். வீட்டு பாலிசியில் "வீட்டுக்கு வெளியே உள்ள பொருள்கள்" என்ற பிரிவு எடுத்திருந்தால் அது கைகொடுக்கலாம். ஆனால் ஆள் இல்லாத வண்டியில் வைத்த பொருளுக்கு அங்கேயும் கட்டுப்பாடு இருக்கும். ஆகவே இரண்டு நிறுவனங்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: வண்டிக்குள் இருக்கும் சிலிண்டர் வெடித்து வண்டியும், கராஜும், பக்கத்து வீட்டுச் சுவரும் சேதமானால் எந்தப் பகுதியை யார் பார்ப்பீர்கள்? ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால், கைகாட்டியதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூடிய வேனுக்குள் அசிட்டிலின் சிலிண்டரை வைத்துப் பூட்டிவிட்டுப் போவது பற்றி நிறுவனம் என்ன நினைக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். சிறு கசிவு இரவெல்லாம் உள்ளே நிறைந்து, காலையில் கதவைத் திறக்கும்போது ஒரு பொறியில் வண்டியே சிதறிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பாதுகாப்பான வழி வண்டியில் சேமிக்காமல் இருப்பதே. எடுத்துப்போகும் நேரத்துக்கு மட்டும், வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்திக் கட்டி, காற்றோட்டத்தோடு கொண்டுபோவீர்கள் என்றால் அதையே அப்படியே அறிவிப்பில் எழுதுங்கள். எழுதிய பிறகு அதன்படிதான் நடக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதிய வழிமுறையே பிறகு நிபந்தனையாக பாலிசியில் ஏறலாம்.

அளவு வரம்புகளையும் பாருங்கள். சாலையில் ஆபத்துப் பொருள் கொண்டுபோவதற்காக ஐரோப்பிய நாடுகள் பலவும் பின்பற்றும் சர்வதேச ஒப்பந்தத்தில் தனிநபர் சொந்த உபயோகத்துக்கு விலக்கு உண்டு. மீண்டும் நிரப்பக்கூடிய கலத்தில் எரியும் திரவம் என்றால் ஒரு கலத்துக்கு 60 லிட்டர், ஒரு வண்டிக்கு 240 லிட்டர் என்ற வரம்போடு. உங்கள் நாட்டு எண் வேறாக இருக்கலாம், ஆனால் ஏதோ ஓர் எண் இருக்கும். அதைத் தாண்டி ஏற்றிக்கொண்டு போகும்போது விபத்து நடந்தால் நிறுவனத்துக்கு வாதம் எளிதாகிவிடும்.

வண்டியில் செய்த மாற்றங்களும் அறிவிப்பில் வர வேண்டும். சிலிண்டர் மாட்டும் தாங்கி, கூடுதல் பேட்டரி, உள்ளே பொருத்திய எரிவாயு அடுப்பு, இன்ஜின் சக்தியைக் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு கிட், இழுத்துப்போகும் டிரெய்லர் எல்லாம் தனித்தனி வரி. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றை வண்டி பாலிசிகள் வழக்கமாக விலக்கியே வைத்திருக்கும், அதற்குத் தனிக் காப்பீடு தேவை.

படி 4: எழுதுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள்

ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டேன் என்பது பாதி வேலை கூட இல்லை. ஏஜென்ட் பொதுவாக நிறுவனத்தின் ஆள், புரோக்கர் பொதுவாக உங்கள் ஆள். புரோக்கரிடம் சொன்னது நிறுவனத்துக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். ஏஜென்ட்டிடம் சொன்னதையும் எழுத்து இல்லாமல் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். மின்னஞ்சல் போதும், பாலிசி எண் தலைப்பில் இருக்கட்டும். ஒரு மாதிரி (இதில் வரும் எண்டார்ஸ்மென்ட் என்பது பாலிசியோடு இணையும் திருத்தத் தாள்):

"பாலிசி எண் ____, காப்பீடு செய்த இடத்தில் ஆபத்து நிலை மாற்றம் குறித்து. ____ தேதி முதல் வீட்டை ஒட்டாமல் 6 மீட்டர் தள்ளி உள்ள கராஜில் பொழுதுபோக்காக உலோக வேலை செய்ய இருக்கிறேன். வைத்திருக்கப் போவது: ஆக்சிஜன் சிலிண்டர் 1, அசிட்டிலின் சிலிண்டர் 1, இரண்டும் உரிமம் பெற்ற விநியோகஸ்தரின் சொத்து, நிமிர்த்திச் சங்கிலியால் கட்டப்படும். தின்னர் 2 லிட்டர், உலோக அலமாரியில். வாரம் ஒரு முறை, நான் மட்டும் பயன்படுத்துவேன், விற்பனை இல்லை. தீயணைப்பான் 1, வேலை முடிந்த பின் ஒரு மணி நேரம் கண்காணிப்பு. புகைப்படங்கள் இணைப்பில். கேள்விகள்: (1) இந்த மாற்றத்துக்குப் பிறகும் கட்டடம், உடைமைகள், மூன்றாம் நபர் பொறுப்பு மூன்றுக்கும் பாலிசி தொடர்கிறதா? (2) கூடுதல் பிரீமியமோ நிபந்தனையோ உண்டா? (3) எந்தத் தேதியிலிருந்து? எண்டார்ஸ்மென்ட் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் அளவுகளைக் குறைத்து எழுதும் ஆசை வரும். கூடாது. வழக்கமாக 2 லிட்டர்தான், எப்போதாவது 10 லிட்டர் வரும் என்றால் அதிகபட்ச அளவையே எழுதுங்கள். அதே மாதிரி "பாதுகாப்பாக வைத்திருக்கிறேன்" போன்ற பொதுவான வார்த்தைகளை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதை மட்டும் எழுதுங்கள். வண்டி நிறுவனத்துக்குத் தனிக் கடிதம், வேறு விவரங்களோடு: எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு தூரம், எப்படிக் கட்டி, இரவில் வண்டியில் விடுவீர்களா.

எப்போது அனுப்புவது? சாமான் வாங்கும் முன்னால். பதில் வரும் வரை சிலிண்டர் கடையிலேயே இருக்கட்டும்.

படி 5: பதில் வந்த பிறகு

"குறித்துக்கொண்டோம்" என்று மட்டும் பதில் வந்தால் திரும்பக் கேளுங்கள். குறித்துக்கொண்டது வேறு, ஏற்றுக்கொண்டது வேறு. ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் எண்டார்ஸ்மென்ட். அதில் நிபந்தனை இருந்தால் ஒவ்வொன்றையும் உங்களால் தினமும் கடைப்பிடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாததை ஒப்புக்கொள்வதை விட இப்போதே மாற்றச் சொல்லிப் பேசுவது நல்லது.

மறுத்துவிட்டால் பயந்துபோய் அறிவிப்பைத் திரும்பப் பெற நினைக்காதீர்கள், தெரிந்துபோன விஷயம் தெரியாததாக ஆகாது. எதை மாற்றினால் ஏற்பார்கள் என்று கேளுங்கள். சில நேரம் சிலிண்டரைக் கராஜிலிருந்து வெளிக்கூண்டுக்கு மாற்றினாலே போதும். இல்லையென்றால் அந்தத் துறையின் பொழுதுபோக்குச் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு ஏற்பாடு செய்யும் காப்பீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அது பெரும்பாலும் மூன்றாம் நபர் பொறுப்பை மட்டும் பார்க்கும், உங்கள் வீட்டை அல்ல. வேறு நிறுவனத்துக்குப் போகும்போது முன்பு யாராவது மறுத்தார்களா என்று படிவம் கேட்டால் ஆம் என்றே எழுத வேண்டும்.

வாடகை வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருக்கிறவர்கள் இன்னும் ஒரு படி போக வேண்டும். கட்டடத்தின் பாலிசி உரிமையாளர் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ இருக்கும், உங்கள் உடைமைக் காப்பீட்டுக்குச் சொல்வது அவர்களுக்குச் சொன்னதாகாது. அவர்களிடமும் எழுத்தில் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தால்? புதுப்பிக்கும் தேதி வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே எழுதுங்கள். எப்போதிலிருந்து இருக்கிறது என்பதையும் உண்மையாகவே எழுதுங்கள். கிளெய்ம் எதுவும் வராத நேரத்தில் தானாக முன்வந்து சொன்னவரை நிறுவனம் பார்க்கும் விதம் வேறு, கருகிய சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று சொல்பவரைப் பார்க்கும் விதம் வேறு.

படி 6: கோப்பும் புதுப்பிப்பும்

அனுப்பியது, வந்த பதில், எண்டார்ஸ்மென்ட், வாங்கிய ரசீது, சிலிண்டர் சோதனைச் சான்று, மின் இணைப்புப் போட்டவரின் சான்று, சாமான் இருக்கும் இடத்தின் தேதியிட்ட புகைப்படம் எல்லாவற்றையும் அந்த வீட்டுக்கு வெளியே ஒரு நகல் வையுங்கள். வீடு எரிந்தால் கோப்பும் சேர்ந்து எரியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

வருஷம் ஒரு முறை, புதுப்பிக்கும் அறிவிப்பு வந்ததும், கணக்கை மறுபடி எடுங்கள். அளவு கூடினாலும், இடம் மாறினாலும், வீட்டில் இன்னொருவர் பயன்படுத்தத் தொடங்கினாலும், விற்பனை ஆரம்பித்தாலும் புதிய கடிதம். சோதனைத் தேதி கடந்த சிலிண்டர் இருந்தால் முதலில் சோதனைக்கு அனுப்புங்கள், காலாவதியான சான்றோடு பழைய அறிவிப்பு துணைக்கு வராது. நிறுவனம் மாறினால் பழைய அறிவிப்பு புதியவருக்குத் தானாகப் போகாது, முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பொழுதுபோக்கை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதையும் எழுதி, போட்ட நிபந்தனைகளையும் கூடுதல் பிரீமியத்தையும் நீக்கச் சொல்லி இன்னொரு எண்டார்ஸ்மென்ட் கேட்டு வாங்குங்கள்.